மலேசிய மண்ணில் தமிழ்ப்பாட்டு: என் மனம் கவர்ந்த குரல்கள்



பிடித்த பாடகர் யாரெனக் கேட்டால், நம் பொந்தியான் வட்டாரத்தில் பலரும் டி.எம்.எஸ்., எஸ்.பி.பி. எனத் தமிழகப் பெயர்களையே அடுக்குவர். அக்குரல்கள் எனக்கும் உயிரானவையே! ஆயினும், என் பட்டியலில் இம்மண்ணின் மைந்தர்க்கும் இடமுண்டு. அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது.

பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகா ஆறுமுகமும் 'அலிகேட்ஸ்' குழுவின் வழி நாடறிந்த பாடகர்களாயினர். (லோகா 2007இல் மறைந்தார்.) ஆனால், அப்புகழைத் தந்தவை மலாய்ப் பாடல்கள். அவர்களைக் குறைகூற இயலாது. நாடு முழுவதும் கேட்கப்பட வேண்டுமெனில் அன்று அதுவே வழி.

1998இல் 'பொயட்டிக் அம்மோ' குழுவினர் ஆங்கிலம், மலாய், காந்தோனியத்தோடு தமிழையும் சொல்லிசையில் சேர்த்தனர். பல மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் நுழைந்தது.

அக்குழுவில் இருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'நட்சத்ரா'வாக இணைந்து 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். இங்கே தமிழே தலைமை மொழி! 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய 'மடை திறந்து' பாடல் அதில் புதுவடிவம் பெற்றது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்திலும், 2017இல் 'விவேகம்' படத்திலும் யோகி பியின் குரல் ஒலித்தது. காலமெல்லாம் தமிழகத்திலிருந்து பாட்டை வாங்கிய நாம், திருப்பிக் கொடுக்கவும் தொடங்கினோம்.

"இதெல்லாம் பாட்டா? பிள்ளைகளின் தமிழ் கெட்டுவிடும்" என்று பெற்றோர் சிலர் வருந்துகின்றனர். ஆங்கிலக் கலப்பும் கடுஞ்சொல்லும் உள்ள பாடல்களைத் தவிர்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், விரைந்து அடுக்கும் சொற்சந்தம் தமிழுக்குப் புதிதன்று. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் திருப்புகழைப் பாடிப் பாருங்கள். நாக்கு புரளாதவர்க்கு அது வசப்படாது. சொல்லிசையும் அத்தகையதே. எதுகையும் மோனையும் இன்றேல் அது நில்லாது. ல, ழ, ள பிறழ்ந்தால் வேகமே அம்பலப்படுத்திவிடும்.

ஆகவே, ஆசிரியர்கள் நல்ல பாடலொன்றைத் தெரிந்து, மாணவரை எதுகைச் சொற்களைத் தேடி எழுதச் செய்யலாம். பெற்றோர் மகிழுந்துப் பயணத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்கலாம். தமிழில் பாடியும் உயரலாம் என்பதற்கு நம் நாட்டுக் குரலே சான்றாக இருக்கும்போது, அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பானேன்?

சிந்திப்போம், செயல்படுவோம்.