முள்ளந்தண்டும் சிறைக்கூடமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த வேளையில் எனது இடுப்பு என்னைக் கைவிட்டது. முப்பது வருடங்களாகப் பத்திரிகை அலுவலகக் கதிரையில் குனிந்திருந்து செய்திகளைச் செப்பனிட்டதற்கான வட்டி அது. மருமகன் என்னைத் தனக்குத் தெரிந்த ஒரு கைரோபிராக்டரிடம் அழைத்துச் சென்றார். வீடொன்றின் முன்னறைதான் சிகிச்சை நிலையம். ஒரு நீண்ட மேசை, சுவரில் முள்ளந்தண்டின் படம், தொலைபேசியையும் கணக்கையும் கவனிக்க மனைவி. அந்த மனிதர் என்னைத் தொடுவதற்கு முன்னர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எப்படி உறங்குகிறேன், எந்தக் காலைச் சார்ந்து நிற்கிறேன், என்ன வேலை செய்தேன் என்றெல்லாம் விசாரித்தார். இறுதியில், காலில் விறைப்பு இருப்பதால் முதலில் குடும்ப வைத்தியரைக் காணுமாறு கூறி அனுப்பிவிட்டார். பணம் வாங்கவில்லை.

இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்ற ஆர்வத்தில் பின்னர் நூல்களைப் புரட்டியபோது வியப்பொன்று காத்திருந்தது. இதனைத் தோற்றுவித்த டானியல் டேவிட் பாமர் 1845ஆம் ஆண்டு பிறந்தது, இன்று நம்மவர் பலர் வீடு வாங்கிக் குடியிருக்கும் அதே பிக்கரிங் பகுதியிலேதான்.

பாமர் மருத்துவம் கற்றவரல்லர். 1865இல் அமெரிக்கா சென்றவர், பள்ளி ஆசிரியராக இருந்தார், தேனீ வளர்த்தார், பலசரக்குக் கடை நடத்தினார், தங்கமீன் விற்றார். பின்னர் கைகளால் 'காந்த சிகிச்சை' செய்பவராக அயோவா மாநிலத்தின் டவன்போர்ட் நகரில் அறை எடுத்துக்கொண்டார். அக்கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த கறுப்பினத்தவரான ஹார்வி லில்லார்டுக்குப் பல வருடங்களாகக் காது கேளாது. 1895 செப்டெம்பரில் அவரது முதுகில் துருத்தியிருந்த முள்ளென்பொன்றைப் பாமர் அழுத்தி நேராக்கியதும் செவிப்புலன் திரும்பியது என்பதே இத்துறையின் மூலக்கதை. கேட்கும் நரம்பு முள்ளந்தண்டின் வழியே செல்வதில்லை, மண்டையோட்டுக்குள்ளேயே தொடங்கி முடிகிறது என்று மருத்துவர்கள் அன்று தொட்டுச் சுட்டிக்காட்டி வருகின்றனர். அவர்கள் கூறுவது சரி. லில்லார்டின் மகளோ, தந்தை நண்பரொருவருக்குப் பகிடி சொல்லிக் கொண்டிருந்தபோது பாமர் சிரித்தபடி முதுகில் தட்டியதிலிருந்தே எல்லாம் ஆரம்பித்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ மகளின் கதையே நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது.

கை, செயல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இம்முறைக்குப் பெயர் சூட்டியவர் பாமரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பாதிரியார். 1897இல் பாமர் பள்ளியொன்றைத் தொடங்கினார். பெரும்பாலான நோய்களுக்கு இடம் பெயர்ந்த முள்ளென்புகளே காரணம் என்று அங்கு கற்பிக்கப்பட்டது. கோட்பாடு பிழை. ஆயினும் கற்று வெளியேறியவர்கள் செய்த வேலை வேறொன்று. சிற்றூர்களில் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, வயலிலும் சுரங்கத்திலும் முதுகொடிந்தவர்களின் உடலைக் கையால் தடவிப் பார்த்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். அக்காலத்து மருத்துவம் முதுகுவலிக்குக் கொடுக்கக்கூடியது அதிகமில்லை. எங்களூர்ப் பரியாரியாரின் திண்ணையில் காலையிலேயே சனம் கூடியதன் காரணமும் இதுவே.

அனுமதிப்பத்திரமின்றி மருத்துவம் செய்தார் என்று 1906இல் பாமர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 350 டொலர் தண்டம் அல்லது 105 நாள் சிறை. கொள்கைக்காகச் சிறையைத் தெரிந்தெடுத்தவர் 23 நாட்களில் மனம் மாறித் தண்டத்தைக் கட்டி வெளியே வந்தார். பள்ளியை மகன் பி.ஜே. பாமரிடம் விற்கவேண்டியதாயிற்று. தந்தைக்கும் மகனுக்குமிடையே பகை முற்றியது. 1913இல் தந்தை இறந்தபோது, மகனின் மோட்டார் வாகனம் மோதியதே காரணம் என்ற பேச்சும் எழுந்தது. பதிவான காரணம் தைபோயிட் காய்ச்சல்.

மகன் மருத்துவரைவிட வியாபாரி. தகப்பனாருக்கு இல்லாத சாமர்த்தியம் அவரிடம் இருந்தது. 1922 முதல் டவன்போர்ட் வானொலி நிலையம் அவர் கையிலிருந்தது. பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரேகன் 1932இல் ஒலிபரப்பாளராக வேலை தொடங்கியது அங்கேதான். 1924இல் முதுகின் வெப்பத்தை அளக்கும் கருவியொன்றைக் கொண்டுவந்து, அதனை விற்காமல் பெருந்தொகைக்குக் குத்தகைக்கு மட்டுமே கொடுத்தார். முன்னறை வைத்தியம் நடத்திய சிறியவர்களால் அதைத் தாங்க முடியவில்லை. பலர் அவரை விட்டு விலகினர்.

அச்சிறியவர்களின் கதைதான் என்னைக் கவர்ந்தது. 1907இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஷெகதாரோ மொரிகுபோ என்ற ஜப்பானியர் மீதான வழக்கில், கைரோபிராக்டிக் வேறொரு தொழில் என்ற வாதத்தினால் விடுதலை கிடைத்தது. கலிபோர்னியாவிலோ நூற்றுக்கணக்கானோர் தண்டம் கட்ட மறுத்துச் சிறை சென்றனர். சிலர் சிறைக்குள்ளேயே மேசை போட்டுத் தேடி வந்த நோயாளரைப் பார்த்தனர். 1922இல் அங்கு மக்கள் வாக்களித்து அத்தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கினர். கன்சாஸ் 1913இலேயே சட்டம் இயற்றியிருந்தது. கடைசி மாநிலமான லூயிசியானா 1974 வரை காத்திருந்தது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் வாளாவிருக்கவில்லை. போலி மருத்துவத்துக்கு எதிரான குழுவொன்றை 1963இல் அமைத்தது. கைரோபிராக்டிக்கைக் கட்டுப்படுத்தி, இறுதியில் ஒழிப்பதே அதன் நோக்கம். அறிவியலுக்குப் புறம்பான முறையினருடன் சேர்ந்து தொழில் செய்வது ஒழுக்க மீறல் என்றும் மருத்துவர்களுக்கு விதி இருந்தது. இதனால் நட்டப்பட்டவர் நோயாளியே. ஒருவர் கையில் முதுகையும் இன்னொருவர் கையில் இரத்தப் பரிசோதனையையும் கொடுத்துவிட்டு, இருவரும் பேசிக்கொள்ளக்கூடாது என்றால் அவர் என்ன செய்வார்? 1976இல் சிக்காகோவின் செஸ்டர் வில்க்கும் வேறு நால்வரும் வழக்குத் தொடர்ந்தனர். முதலில் தோற்று, மேன்முறையீட்டில் மறுவிசாரணை பெற்று, 1987இல் வென்றனர். சங்கம் வியாபாரப் போட்டிச் சட்டத்தை மீறியதென நீதிபதி சூசன் கெற்சென்டானர் தீர்ப்பளித்தார். ஆனால் கைரோபிராக்டிக் அறிவியல் ரீதியாகச் சரியானதா என்பது தன் முன் உள்ள கேள்வியல்ல என்பதையும் தெளிவுபடுத்தினார்.

அக்கேள்விக்கு விடை பாதி பாதியாகவே வந்திருக்கிறது. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னர் முயலக்கூடியவற்றுள் முள்ளந்தண்டைக் கையால் அசைக்கும் சிகிச்சையையும் சேர்த்தது. காது கேளாமைக்கோ ஏனைய நோய்களுக்கோ அத்தகைய ஆதாரம் இல்லை. கழுத்தைத் திருப்புவதில் அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்ற அச்சமும் தீரவில்லை.

அத்தீர்ப்பில் பத்திரிகைக்காரனான என் கண்ணில் பட்டது இன்னொரு விடயம். தடையுத்தரவைச் சங்கம் தன்னுடைய சஞ்சிகையிலேயே வெளியிட வேண்டுமென நீதிபதி கட்டளையிட்டிருந்தார். 1988 ஜனவரி முதலாம் திகதி இதழில் அது அச்சேறியது.