சென்னிகுளத்து இளைஞரின் சிந்து

காவடி தூக்கி நடக்கிறவருக்குக் காலும் தோளும் சோராமலிருக்கப் பாட்டு வேண்டும். அந்த நடைப்பாட்டின் மெட்டை எடுத்து, எதுகையும் இயைபும் அடுக்கடுக்காய்ச் சேர்த்து, காவடிச் சிந்தாக்கியவர் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது வழிநெடுகப் பாடப்பட்டவை அவை. 1865-இல் பிறந்த கவிராயர் 1891-இல் மறைந்தார். இன்றைய பிள்ளைகள் படிப்பை முடித்து வேலை தேடி அலையும் வயது அது!

நாட்டுப்பாட்டு தாத்தா பாட்டிகளோடு போய்விட்டது என்று பேசுபவர்கள் இந்த வயதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

அண்ணாமலை ரெட்டியாருக்கு முன்பே மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், குறி சொல்லும் குறத்தியையும் பறவை பிடிக்கும் சிங்கனையும் குற்றாலநாதர் சந்நிதிக்கே அழைத்து வந்துவிட்டார். குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர்.

ஊர்ப்பாட்டை ஓர் இளையவர் மேடையேற்றிய கதை கடல் கடந்தும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் கல்யாண வீட்டில் பாடும் பாட்டொன்றை, இளம் பாடகி மிரியம் மகேபா 1960-களில் அமெரிக்க மேடைகளில் பாடினார். தாய்நாட்டுக்குத் திரும்ப வழியடைத்தது நிறவெறி அரசு. அவரோ நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் அந்தக் கோசா மொழியிலேயே பாடினார். கேட்டவர்களுக்குப் பொருள் புரியவில்லை, தாளம் புரிந்தது.

தென்காசி வட்டாரத்துச் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் கணியான் கூத்துக்கு இன்றும் இடமுண்டு. மகுடம் என்னும் தோற்கருவி இரண்டு முழங்க, பெண்வேடமிட்டவர்கள் ஆட, தலைமைப் பாடகரான அண்ணாவி விடிய விடியக் கதை பாடுவார். கேட்க வரும் இளைஞர்களோ பெரும்பாலும் செல்போனில் அரை நிமிடத் துண்டொன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அரை நிமிடத்தில் ஆட்டம் கிடைக்கும், கதை கிடைக்காது.

நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பில், பாட்டுகளோடு சேகரித்தவர் பெயரும் கிடைத்த இடமும் பதிவாகியிருக்கின்றன. ஊர் ஊராய்ப் பாட்டுத் தேடிய அன்பர்களின் உழைப்பு அது. அவர்களிடம் இல்லாத கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அடுத்த கொடைக்குப் போகும் தம்பி தங்கைகள், அண்ணாவியிடம் அனுமதி கேட்டு, ஒரு கதையையாவது முழுதாகப் பதிந்து, பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.