கோவிவன், காளி, கரியா

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையின் வாசலில் ஒரு கறுப்பு நாய் கிடக்கும். செக்யூரிட்டி அண்ணன் தருமபுரிக்காரர். அவர் அதைக் ‘கருப்பா’ என்று கூப்பிடுவார். ஆனேக்கல்லிலிருந்து சரக்கு ஏற்றி வரும் டிரைவர் வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கும்போதே ‘கரியா, பா இல்லி’ என்பார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்கா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவருக்கு அது ‘கர்ரோடு’. எந்தக் குரல் கேட்டாலும் நாய் வாலைக் குழைத்துக்கொண்டு எழுந்து போகும். மூன்று மொழி, மூன்று பெயர், ஆனால் மூன்றிலும் இருப்பது கருமையைச் சொல்லும் ஒரே பழைய வேர். எனக்கு இது உறைத்தது ஒரு இரவு ஷிப்ட் முடிந்த விடியலில். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தச் சொல்லின் பின்னால் நான் போகிற போக்கு.

பெயர் கிடக்கட்டும், பொதுச்சொல்லைப் பார்ப்போம். தமிழில் நாய். கன்னடத்தில் நாயி. மலையாளத்திலும் துளுவிலும் குடகிலும் அதுவேதான். நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளில் உயிரொலி கொஞ்சம் மாறி அதே சொல் வாழ்கிறது. நடு இந்தியாவின் கோண்டி மொழி வரைக்கும் அதன் சாயல் போயிருக்கிறது. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவை எல்லாம் ஒரே பதிவின் கீழ் வரிசையாக நிற்கின்றன. தெலுங்கு மட்டும் ‘குக்க’ என்று தனி வழியில் போய்விட்டது. ஆனால் அதுவும் நமக்கு அந்நியமில்லை: நம் நிகண்டுகளில் நாய்க்கு ‘குக்கல்’ என்றும் ஒரு பெயர் உண்டு, வடமொழியில் ‘குக்குரம்’. குரைப்பொலியைக் கேட்டு வாய் தானாக உண்டாக்கிய சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாய் என்பது எதிலிருந்து பிறந்தது? ‘நா’விலிருந்து என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் விலங்குக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? ஆனால் ஒலி ஒத்தால் மட்டும் உறவு ஆகிவிடாது. மாநாய்கன் என்ற பெயரிலும் பாளையக்கார நாயக்கர் பட்டத்திலும் கூட ‘நாய்’ என்ற ஒலி இருக்கிறது. அவை வடமொழி வழி வந்தவை. அந்த எச்சரிக்கையை மனதில் வைத்து, நா–நாய் உறவை நான் ஆசையாகவே விட்டுவிடுகிறேன்.

நாய்க்கு ஊருக்கு ஒரு சொல் என்பது நம் இலக்கண உரையாசிரியர்களும் கவனித்த செய்தி. திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தேடும்போது அவர்கள் கை நாயை நோக்கித்தான் போகிறது. பூழி நாட்டார் நாயை ஞமலி என்பர், குட்ட நாட்டார் ஞெள்ளை என்பர் என்று எழுதி வைத்தார்கள். தாய்க்கும் தந்தைக்கும் வட்டாரப் பெயர் சொன்ன அதே மூச்சில் நாய்க்கும் சொன்னார்கள். எந்த வீட்டு வாசலிலும் முதலில் எதிர்ப்படுவது அதுதானே. ஞமலி, ஞாளி, சுணங்கன், முடுவல், எகினம் என்று நிகண்டுக்காரர்கள் அடுக்கியவற்றில் எதுவும் இன்று தெருவில் இல்லை. ஓரசைச் சொல்லான நாய் மட்டும் நின்றுவிட்டது.

தொல்காப்பிய மரபியலில் இதைவிட எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. விலங்குகளின் இளமைப் பெயர்களைச் சொல்லும் இடத்தில் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிக்கும் ‘குருளை’ என்ற பெயரை அது தருகிறது. பெண்பாற் பெயர் சொல்லும்போது பன்றி, புல்வாய், நாய் மூன்றுக்கும் ‘பிணவு’ என்கிறது. இரண்டு இடத்திலும் நாயும் பன்றியும் சேர்ந்தே வருகின்றன. இந்தச் சேர்க்கையை நான் முதலில் சாதாரணமாகத்தான் படித்துக் கடந்தேன். பெங்களூரில் ஒரு கல்லின் முன்னால் நின்றபோது திரும்ப நினைவுக்கு வந்தது.

அந்தக் கல் மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்தது. இப்போது பெங்களூர் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. ஓசூரில் பஸ் ஏறினால் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, மடிவாளா என்று நாற்பது கிலோமீட்டர். விடுமுறை நாள் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் போனேன். கல்லின் மேற்பகுதியில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் நேருக்கு நேர் பொருதுகின்றன. வாளேந்திய வீரன் இல்லை, குதிரை இல்லை, அவனை வானுலகுக்குத் தூக்கிப் போகும் தேவமகளிர் இல்லை. நாயும் பன்றியும் மட்டும்தான். சுற்றிலும் பழங்கன்னட எழுத்து.

கதை தக்கோலத்தில் தொடங்குகிறது. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் 949இல் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே இறந்தான். எதிரில் நின்றவர்கள் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் மைத்துனன் கங்க மன்னன் பூதுகனும். பூதுகனின் படையில் மணலெரன் என்ற வீரன் இருந்தான். அவன் வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்று சொல்லப்பட்டபோது அவன் ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு பெளத்தூர்ப் பக்கத்து மேட்டில் பெரிய பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினான். நாயும் பன்றியும் சேர்ந்தே செத்தன. மணலெரன் ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயிலின் முன் இந்தக் கல்லை நட்டான், நிலம் விட்டான். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சைவத் துறவி இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தான். ஒரு பேரரசின் போர்ச் செய்தியை வரலாற்றாசிரியர்கள் தேடிப் போகும் முதன்மைச் சான்றுகளில் ஒன்று, ஒரு நாயின் நினைவுக்காக வெட்டப்பட்ட கல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சொல்லுக்கு வருகிறேன். அந்த எழுத்தில் நாய் ‘நாய்’ என்றே இருக்கிறது. பின்னால் ஓர் இகரம்கூட ஒட்டவில்லை. பன்றி ‘பந்தி’ என்று இருக்கிறது. சேர்ந்து செத்ததைச் சொல்லும் வினையில் நம் ‘உடன்’ கன்னட ஒகரத்தோடு நிற்கிறது. இன்று கன்னடத்தில் பன்றி ‘ஹந்தி’. பழைய பகரம் பிற்காலத்தில் ஹகரம் ஆன மாற்றம் அது. பால் ‘ஹாலு’ ஆனதும், புலி ‘ஹுலி’ ஆனதும், ‘பொச’ என்ற புதுமை ‘ஹொச’ ஆனதும் அப்படித்தான். எங்கள் ஊரின் பெயரே அந்த மாற்றத்தின் தடம்: ஹொச ஊர், புதூர். அதற்கு முன்னால் இது செவிடபாடி. தெலுங்கில் இன்றும் ‘பந்தி’ என்பதால், எங்கள் சந்தையில் ஒரே விலங்குக்குப் பன்றி, ஹந்தி, பந்தி என்று மூன்று வடிவங்களைக் கேட்கலாம். ஊர்ப் பெயர் மாறியது, பன்றியின் பெயர் மாறியது, ஆட்சி எத்தனையோ முறை மாறியது. இந்த எல்லையின் இரு பக்கத்திலும் ஆயிரம் ஆண்டுகளாக ஏறக்குறைய அசையாமல் கிடந்த சொற்களில் ஒன்று நாய்.

ஆதகூருக்கும் முந்நூறு ஆண்டுக்கு முந்தையது செங்கத்துப் பக்கத்து எடுத்தனூர் நடுகல். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில் வருவது செங்கம். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து அந்தக் கல் கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் அவன் விழுந்தான். அவன் உருவத்தின் பக்கத்தில் ஒரு நாய். அதற்குத் தனியாக வட்டெழுத்தில் ஒரு குறிப்பு: கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தி. உளி பிடித்தவனுக்கு எழுத்து ஒவ்வொன்றும் உழைப்பு. நாய் ஒன்று உடன் நின்றது என்று முடித்திருக்கலாம். முடிக்கவில்லை, பெயரைக் கேட்டு வெட்டியிருக்கிறான். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழியைச் சிற்பத்தைப் பற்றியது என்று பெரியவர்கள் விளக்குவார்கள். எனக்குக் கோவிவனின் கல்லில் இரண்டும் சேர்ந்தே தெரிகின்றன.

இந்த மரியாதை நம் பேச்சில் நிலைக்கவில்லை. ‘நாயே’ என்றால் இன்று அடுத்து அடிதான் விழும். பக்தியில் அடியார் தம்மைத் தாழ்த்திக்கொள்ள எடுத்த சொல் ‘நாயேன்’. மாணிக்கவாசகர் அதைத் திரும்பத் திரும்ப ஆள்கிறார். அங்கே தாழ்வோடு அன்பும் உண்டு, விட்டுப் போகாத அன்பு. நாலடியாரும் அதை அறியும்: யானை பழகிய பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்று நட்புக்கு நாயை உவமை காட்டுகிறது. வசைக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது நான்கைந்து நாய்கள் துரத்தினால் உண்டாகும் பயம் எனக்குத் தெரியும். கடிபட்டு ஊசி போட்டுக்கொண்ட நண்பனின் வலியும் தெரியும். ஆனாலும் ஒருவரைக் கீழாக்க இந்தச் சொல்லை எடுக்கும்போது எனக்கு வாய் கூசுகிறது.

சங்கப் புலவர்களுக்கு அந்தக் கூச்சம் தேவைப்படவில்லை. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, மலைபடுகடாம் மூன்றிலும் நடந்து நடந்து சிவந்து தேய்ந்த பெண்ணின் மெல்லடிக்கு ஓர் உவமை வருகிறது: ஓடி இளைத்த நாயின் நாக்கு. மூன்று புலவர்கள் மூன்று இடத்தில் அதையே எடுத்தார்கள். நாயின் முகத்துக்கு நேராகத் தரையில் குந்தி உட்கார்ந்து பார்க்காதவனுக்கு அந்த நிறமும் ஈரமும் மென்மையும் கண்ணில் பட்டிருக்காது. கேமரா இல்லாத காலத்துப் புகைப்படம் என்று இதைத்தான் சொல்வேன்.

கேமரா வந்த காலத்தில் அந்த உயரத்துக்கு இறங்கியவர்களில் நான் மிகவும் மதிப்பது எலியட் எர்விட்டை. நியூயார்க்கில் 1974இல் அவர் எடுத்த ஒரு படம்: தொப்பி போட்ட குட்டி நாய் ஒன்று, பக்கத்தில் பூட்ஸ் அணிந்த பெண்ணின் கால்கள், அதற்கும் பக்கத்தில் ஒரு பெரிய நாயின் நெடிய கால்கள் மட்டும். மனித முகம் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. கேமரா குட்டி நாயின் கண்ணுக்கு நேராகத் தரையோடு இருக்கிறது.

எங்கள் வீட்டில் நுழைந்த முதல் நாய்ப் படம் ஓர் இசைத்தட்டின் நடுவில் இருந்தது. தாத்தா அதை ‘நாய்ப் படம் போட்ட தட்டு’ என்றுதான் சொல்வார். குழாய்க்குள் காது கொடுத்துக் கேட்கும் அந்த நாயின் பெயர் நிப்பர், 1895இல் இறந்துவிட்டது, பிரான்சிஸ் பராடு என்ற ஓவியர் அதன் பிறகு வரைந்தது என்றெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது. உலகம் முழுக்கப் போன முகம், பெயர் மட்டும் கூடவே வரவில்லை. 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. கர்நாடகத்து முதோலும் நம் ராஜபாளையமும் அதில் இருந்தன. வாங்கி வைத்திருக்கிறேன், அழகான தலைகள். அவற்றில் இருப்பது இனத்தின் பெயர்தான். கோயில்களில் வைரவருக்குப் பின்னால் நிற்கும் நாய்களும் அப்படியே. காது மடல், கழுத்து மணி எல்லாம் இருக்கும், பெயர் இருக்காது.

கெலமங்கலத்தில் எங்களுக்கு ஒரு நாய் இருந்தது. மணி. செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். 1994இல் அக்காவின் மஞ்சள் நீராட்டுக்கு வந்த போட்டோக்காரரிடம் இருந்தது ஒரே ரோல், முப்பத்தாறு படம். சொந்தக்காரர்களுக்கே போதவில்லை, நாய்க்கு ஒன்று செலவழிக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மணி அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் போய்விட்டது. பல ஆண்டு கழித்து ஆல்பத்தைப் புரட்டியபோது, படிக்கட்டில் எல்லோரும் வரிசையாக நிற்கும் படத்தின் இடது ஓரத்தில் இரண்டு பின்னங்கால்களும் ஒரு வாலும் கிடைத்தன. வால் ஆடிக்கொண்டே இருந்ததால் படத்தில் வெறும் பழுப்புக் கோடாகக் கலங்கியிருக்கிறது. மணியின் முகம் எங்கேயும் இல்லை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அந்த ஓரத்தையே பார்த்தார். “இவன் வால்தான்டா இது” என்றார்.

போன மார்கழியில் ஒரு காலை, பட்டறை வாசலில் பனி முழுதாக விலகுமுன் தரையில் குந்தி உட்கார்ந்து, கறுப்பு நாயின் கண்ணுக்கு நேராகப் போனைப் பிடித்தேன். முதலில் அது நெருங்கி வந்து லென்ஸை மோந்தது. இரண்டாவது படத்தில் ஒழுங்காக உட்கார்ந்தது. ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருப்பது, கருத்தடை செய்ததன் அடையாளம், அதில் தெளிவாக வந்திருக்கிறது. பாகலூர் சாலையில் ஒரு ஸ்டுடியோவில் அச்சுப் போட்டு வாங்கினேன். பின்பக்கம் தேதி எழுதி, கீழே கருப்பன், கரியா, கர்ரோடு என்று மூன்றையும் எழுதினேன்.

டீக்கடை அக்காவிடம் கொடுத்தபோது ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். பால் கொதிக்கும் இடத்துக்கு மேலே, சந்திரசூடேசுவரர் காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் செருகினார். கொஞ்சம் தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “கர்ரோடா, சூடு” என்று கூப்பிட்டார்.