எதிரி வந்தால் ஒன்றாகும் ஊர்



தேசத்தையும் எதிரியையும் பற்றிப் பேச மேல்பட்டாம்பாக்கத்தை விடப் பொருத்தமான இடம் நமக்குக் கிடைக்காது. 1860களில் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இங்கிருந்துதான் டேனிஷ் மிஷனின் பணியைத் தொடங்கினார். அவர் முன்பு லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதி வேறுபாட்டைச் சகித்துக்கொள்ளலாம் என்ற அந்த மிஷனின் நிலையை ஏற்காமல் வெளியேறினார். 1864இல் டென்மார்க்கும் பிரஷ்யாவும் போரில் இறங்கின. அங்கே டேனியருக்கு ஜெர்மானியர் எதிரி. இங்கே டேனியரின் மிஷனுக்கு ஒரு ஜெர்மானியர் உழைத்துக்கொண்டிருந்தார். சொந்த நாட்டு மிஷனிடமிருந்து அவரைப் பிரித்தது நம் மண்ணின் சாதி.

சற்றுக் கிழக்கே போனால் கடலூர். தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை எல்லை என்று பேச்சு. சுற்றியிருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அந்தப் படையெடுப்பில் அவர் சாதி பாராமல் எல்லோரையும் சுமை இழுக்க வைத்தார் என்பதைப் பெருங்கொடுமையாக வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. கொடுமைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சுமையை இழுத்தவர்கள் யார் என்று அந்த நூல்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

1783 ஜூனில் கடலூரை ஆங்கிலப் படை முற்றுகையிட்டது. உள்ளே பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையினரும். இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் மடிந்த பிறகு, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று கப்பலில் கடிதம் வந்தது. பீரங்கிகள் ஓய்ந்தன. நாடுகளின் பகை ஒரு கடிதத்தில் முடிகிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள பகையை முடிக்க இதுவரை எந்தக் கப்பலும் வரவில்லை.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர் பாபாசாகேப். 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அவர் வைக்கும் வாதம் இது: ஒரு சாதிக்கு மற்றச் சாதியோடு சேர்ந்தவர்கள் நாம் என்ற உணர்வே கிடையாது, இந்து முஸ்லிம் கலவரம் வரும்போது மட்டும் அது வருகிறது. இதை நாம் கிராமத்துக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். ‘ஊர்’ என்பது என்ன? ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்காத, ஒரு பந்தியில் உட்காரத் தயங்குகிற பல சாதிகள். சேரியிலிருந்து ஒருவர் பொதுப்பாதையில் பிணம் கொண்டுபோக வேண்டும், தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்கட்டும். அன்று மாலைக்குள் அந்தச் சாதிகள் எல்லாம் ‘ஊர்’ ஆகிவிடும். 1978 ஜூலையில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. எதிரியைக் காட்டி ஒற்றுமை கட்டும் வித்தையை நாடுகளிடமிருந்து ஊர் கற்றதா, ஊரிடமிருந்து நாடுகள் கற்றனவா என்பது நமக்கு எப்போதும் உள்ள சந்தேகம்.

இனி 1962க்கு வருவோம். அதுவரை திராவிட நாடு கேட்டுவந்த கட்சி தி.மு.க. அக்டோபர் 20 அன்று சீனப் படை தாக்கியது. அண்ணா பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்திவைத்து, போர் முயற்சிக்கு ஆதரவு என்றார். 1963இல் பிரிவினைக் கோரிக்கைக்குத் தடைபோட 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் கட்சி கோரிக்கையையே கைவிட்டது. பல ஆண்டு விவாதத்தால் ஆகாதது ஒரு மாதச் சண்டையில் ஆயிற்று. தெற்கு வடக்கோடு ‘ஒன்றாகி’விட்டது. அதே வேளையில், இந்தியாவிலேயே வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவளி முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

சண்டை நவம்பர் 21 அன்று நின்றது. ஆனால் அக்டோபர் 26இல் அறிவித்த நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10 வரை நீடித்தது! வெளி எதிரிக்காக எழுதிய இந்தியப் பாதுகாப்பு விதிகள் 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்கள் மீதும், அதே காலத்தில் கம்யூனிஸ்ட்டுகள் மீதும் பாய்ந்தன. அந்த ஆண்டுகளில்தான் நம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பிறந்த எல். இளையபெருமாள் தலைமையில் தீண்டாமை பற்றி விசாரிக்க ஒரு குழு 1965இல் அமைந்தது. நாடு முழுவதும் அலைந்து அது 1969இல் அறிக்கை தந்தது. இதற்கிடையே 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதற்காக யாரும் நெருக்கடி நிலை அறிவிக்கவில்லை.

பாபாசாகேப் 1951இல் அமைச்சர் பதவியை விட்டபோது தந்த விளக்கத்தில் சொன்ன காரணங்களில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, பட்டியல் சாதியாருக்கு அரசு காட்டிய அலட்சியம். மற்றொன்று வெளியுறவுக் கொள்கை. ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது, நமக்கு நண்பர்கள் இல்லாததன் விலை இது என்பது அவர் கணக்கு. இவ்விரண்டையும் நாம் தனித்தனியாகப் படித்துப் பழகிவிட்டோம். எதிரிக்கு ஒதுக்கிய பணம் பள்ளிக்கும் நிலத்துக்கும் வராத பணம் என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேசப்பற்று இல்லாதவர்கள் என்று நம்மை ஏசுவோருக்கு ஒரு வார்த்தை. மதராஸ் சாப்பர்ஸ், பயோனியர் படைகளில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பயோனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது. மகர்களைச் சேர்ப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நின்றது; உலகப் போர் மூண்டதும் 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவாயிற்று. 1943இல் சமார் ரெஜிமென்ட் அமைந்தது. போர் முடிந்ததும் 1946இல் கலைத்துவிட்டார்கள். எதிரி வாசலில் நிற்கும்போது நாம் வீரர்கள். அவன் போனதும் நாம் பழைய தெருவுக்கே திரும்ப வேண்டும்.

அப்படித் திரும்பி வந்தவர்கள் இந்தப் பகுதிச் சேரிகளிலும் இருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியில் பதக்கம், பென்ஷன் புத்தகம், சீருடையில் எடுத்த மங்கிய படம். மாணவர்கள் முதலில் அந்தப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து எந்தப் போருக்குப் போனார்கள், விடுப்பில் வந்தபோது சீருடையோடு ஊர்த்தெரு வழியே நடந்தார்களா, சுற்றிப் போனார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அதை வாசிப்போம்.