ரேடியோவுக்கும் கண்ணு வேணுமா?

தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், லயத்தின் கடைசி வீட்டில் என் பெரிய மாமா இருந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. ஆனால் யார் வீட்டு ரேடியோவில் நிலையம் சரியாகக் கிடைக்காவிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். இரைச்சல் மாறுவதை வைத்தே எந்த நிலையம் நெருங்குகிறது என்று சொல்லிவிடுவார். தன் டிரான்சிஸ்டரின் சக்கரத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பெட்டியின் விளிம்பில் ஒரு சொட்டு மெழுகு வைத்திருந்தார். இரண்டும் நேர்க்கோட்டில் வந்தால் தமிழ்ச் செய்தி.

ரேடியோ மலாயா 1946இல் தொடங்கியபோதே அதில் தமிழும் இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், கூட்டமாக உட்கார்ந்து கேட்பதற்காகத் தோட்டங்களில் ரேடியோப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசுக்கு வேண்டியிருந்தது பிரச்சாரம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பார்வையுள்ளவருக்குக் கிடைத்த அதே செய்தி, அதே நேரத்தில், பார்வையற்றவருக்கும் கிடைத்தது. பத்திரிகை தர முடியாத சமத்துவம் அது.

இதைப் பிரிட்டன் முன்பே புரிந்துகொண்டிருந்தது. பார்வையற்றவர்கள் வானொலி உரிமக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று 1926இல் அங்கே சட்டம் வந்தது. அவர்களுக்கு ரேடியோ வாங்கித்தர 1928இல் ஒரு நிதியம் உருவானது. அதற்காக 1929 கிறிஸ்துமஸ் அன்று வானொலியில் நன்கொடை கேட்டவர் சர்ச்சில். நம் பக்கத்தில், செயின்ட் நிக்கலஸ் பார்வையற்றோர் இல்லம் மலாக்காவில் தொடங்கியதும் அதே 1926இல்தான். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் வந்தது.

பிறகு வானொலி வானத்துக்கே போனது. 1996 ஜனவரியில் மியாசாட்-1 ஏவப்பட்டது. வீட்டுக் கூரைகளில் டிஷ் முளைத்தது. படத்தோடு வானொலி அலைவரிசைகளும் அதில் வந்தன. 2000இல் ஏஷியாஸ்டார் செயற்கைக்கோள் மூலம் வேர்ல்ட்ஸ்பேஸ் வந்தது. இந்தியாவில் அதன் தமிழ் அலைவரிசை கேஎல் ரேடியோ. 2009 கடைசியில் அந்தச் சேவை அங்கே நின்றது. துல்லியமான ஒலிதான், ஆனால் ஆன்டெனாவைச் செயற்கைக்கோள் இருக்கும் திசைக்குத் திருப்ப வேண்டும். சிக்னல் கிடைத்ததா என்பதைச் சின்னத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அலைவரிசையின் பெயரும் திரையில்தான் வரும்.

எங்கள் வீட்டு டிஷ் பெட்டியும் அப்படித்தான். நிலையங்களின் பட்டியல் தொலைக்காட்சித் திரையில் ஓடும். ரிமோட்டைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "கண்ணு இல்லாதவனுக்கு இருந்த ஒரே பொருள் ரேடியோதாண்டா. இப்ப அதுக்கும் கண்ணு வேணுமா?"

இதைத் தீர்க்க ராக்கெட் விட வேண்டியதில்லை. டிஷ் சரியான திசைக்கு வரவர உயரும் ஒரு 'பீப்' சத்தம். பொத்தானை அமுக்கியதும் நிலையத்தின் பெயரைச் சொல்லும் குரல். ஐந்தாம் எண்ணின்மேல் ஒரு புள்ளி. மெனுவுக்குள் நுழையாமல் நேராக எண்ணை அமுக்கிப் போகும் வழி. 2009இலேயே ஐபோன் தன் திரையை வாசித்துக் காட்டத் தொடங்கிவிட்டது. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் தகவல் தொழில்நுட்பத்தை அணுகுவதை அவர்களின் உரிமை என்றே சொல்கிறது. பழைய குமிழ் யாரும் திட்டமிடாமலேயே பார்வையற்றவர்களுக்கு உதவியது. அதனால்தானோ என்னவோ, அதை எடுத்தபோது என்ன போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. மாமாவுக்கு நிலையம் மாற்றிவிடுவது என் வேலை. ஒருநாள் பந்து விளையாடப் போகும் அவசரத்தில் பட்டியலைத் தேடவே இல்லை. "இன்னைக்கு அந்த நிகழ்ச்சி இல்ல மாமா" என்றேன். "சரிப்பா" என்றார். லயத்துக்கே நிலையம் பிடித்துக் கொடுத்த மனிதருக்கு, நான் சொன்னது உண்மையா என்று பார்க்க ஒரு குமிழ்கூட இல்லை.

கீறல் போட்ட டிரான்சிஸ்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. மெழுகு இன்னும் உதிரவில்லை.