தெளிந்த ஓடையும் தோட்டத்துக் காய்ச்சலும்



மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் கப்பலைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் சம்பளப் போராட்டங்களைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். தண்ணீரைப் பற்றி எழுதியோர் குறைவு. ஆனால், காடழித்து ரப்பர் நட்ட தொடக்கக் காலத்தில் நம் முன்னோரின் உயிரைப் பெருமளவில் குடித்தவை தண்ணீரோடு தொடர்புடைய நோய்களே. குடித்த நீர் சீதபேதியையும் வாந்திபேதியையும் கொணர்ந்தது. தேங்கிய நீரும் ஓடிய நீரும் மலேரியாவைக் கொணர்ந்தன. ஓடிய நீருமா என்று நீங்கள் வியக்கலாம். இக்கட்டுரையின் மையமே அதுதான்.

கிள்ளான், 1901

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான முதல் சான்றை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில், 1901-இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் அரசு மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. நகரமும் துறைமுகமும் காய்ச்சலில் படுத்துவிட்டன. புதிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது.

கொய்னா மருந்து மட்டும் போதாது என்று வாட்சன் வாதிட்டார். நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களை வடிக்க வேண்டும், புதர்க்காடுகளை வெட்ட வேண்டும் என்றார். அரசு இசைந்தது. கால்வாய்கள் வெட்டப்பட்டன. அடுத்த ஆண்டே நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கொசுவின் உறைவிடத்தை அழித்து மலேரியாவை ஒடுக்கிய உலகின் தொடக்ககால வெற்றிகளுள் ஒன்று நம் கிள்ளானில் நிகழ்ந்தது என்பதை எத்தனை மாணவர்கள் அறிவர்?

ஒரே மருந்து எல்லா நிலத்துக்கும் ஆகாது

கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் இம்முறை பலனளித்தது. அங்கே நோயைப் பரப்பிய அனோபிலிஸ் உம்ப்ரோசஸ் என்னும் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மரத்தை வெட்டி நீரை வடித்ததும் அது மறைந்தது.

பின்னர் வாட்சன் மலைப்பாங்கான தோட்டங்களுக்குச் சென்றார். அங்கும் காடு வெட்டப்பட்டிருந்தது. பள்ளத்தாக்கு ஓடைகளும் தூய்மையாக ஓடிக்கொண்டிருந்தன. ஆயினும் காய்ச்சல் தணியவில்லை. இதை அவர் கண்டறிந்த முறை ஓர் ஆசிரியன் என்ற முறையில் என் மனத்தை உறுத்துகிறது. தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது என்று கணக்கெடுத்தார். ஒரு தோட்டத்தின் நலத்தை அளக்கும் அளவுகோலாக அங்குள்ள பிள்ளைகளின் வயிறே இருந்தது.

காரணம் வேறொரு கொசு. அனோபிலிஸ் மாகுலேட்டஸ் என்னும் அக்கொசு வெயில் படும் தெளிந்த ஓடைகளையும் மலையடி ஊற்றுகளையும் விரும்புவது. காடு இருந்தவரை நிழல் அதனைத் தடுத்தது. காட்டை வெட்டி, ஓடையைத் துப்புரவு செய்து, வெயிலைத் திறந்துவிட்டபோது நாமே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தோம். சமவெளியில் உயிர்காத்த அதே வேலை மலையில் உயிர்குடித்தது.

எனவே அங்கே வேறு வழி தேவைப்பட்டது. சுட்ட மண் குழாய்களை நிலத்தடியில் பதித்து ஊற்றுநீரை வெயில் படாமல் ஓடச் செய்தனர். இயலாத இடங்களில் நீரின்மேல் எண்ணெய் தெளித்தனர். கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1911-ஆம் ஆண்டில் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. அறிவு மருத்துவருடையது, மண்வெட்டி பிடித்த கைகள் தொழிலாளர்களுடையவை. பள்ளத்தாக்கு எங்கும் காய்ச்சலோடு காய்ச்சலாக நின்று கால்வாய் வெட்டியவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

யார் பொறுப்பு?

நிர்வாகங்கள் இவற்றுக்குப் பணம் செலவிட்டது கருணையால் மட்டுமன்று. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொணரச் செலவாகும். வந்தவர் நோயில் விழுந்தால் அச்செலவு வீண். அத்துடன் சட்டமும் நெருக்கியது. தங்குமிடம், குடிநீர், துப்புரவு, மருத்துவமனை ஆகியவற்றை 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு முதலாளியின் கடமையாக்கியது. 1920-களிலிருந்து இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் இருந்து, தோட்டங்களின் நிலையை ஆண்டறிக்கைகளில் பதிவு செய்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் சேர்ந்தே இருந்தன. பொறுப்பு யாருடையது என்பது தெளிவாயிற்று, அது நன்மை. தண்ணீர் உரிமையாக அன்றி வேலையோடு ஒட்டிய சலுகையாக அமைந்தது, அது தீமை. நாடு விடுதலை பெற்றபின் ஊரக மேம்பாட்டுத் திட்டங்கள் கம்பங்களுக்குக் குழாய்நீரைக் கொண்டு சென்றன. தோட்டமோ தனியார் நிலம். அரசின் குழாய் பெரும்பாலும் தோட்டத்து வாயிலோடு நின்றது.

நான் வளர்ந்த லயத்தில், 1980-களின் நடுப்பகுதியிலும், இருபது வீடுகளுக்கு ஒரு பொதுக்குழாய்தான். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் அம்மாக்கள் வாளிகளை வரிசை வைத்துவிட்டுச் செல்வர். கழிப்பறைகள் லயத்துக்குப் பின்னால் ஒரே வரிசையாக இருந்தன. இரவில் அங்குச் செல்லப் பெண்பிள்ளைகள் துணை தேடுவர். ஆற்றுநீர் கலங்கி வந்த நாள்களில் குழாயில் வருவதும் செந்நிறமாகவே இருக்கும். கிராணியிடம் முறையிட்டால் துரையைக் கேட்க வேண்டும் என்பார். துரை கோலாலம்பூரைக் கேட்க வேண்டும் என்பார்.

தொழிலாளர் வீடமைப்புக்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதனிடத்தை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் பெற்றது. இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்நீர் வழங்குவதை அது கட்டாயமாக்கியது. ஆனால், அக்காலத்திலேயே தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் நகர்ப்புறப் புறம்போக்குகளுக்குப் பெயரத் தொடங்கிவிட்டனர். சட்டம் வந்து சேர்ந்தபோது லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன.

இன்றைய பாடம்

மலேசியாவில் 2018 முதல், மனிதர் வழியே பரவும் உள்நாட்டு மலேரியா பதிவாகவில்லை. பெருமைக்குரிய சாதனை. ஆயினும் குரங்குகளிடமிருந்து தொற்றும் நோலெசி வகை மலேரியா காட்டோரங்களில் தொடர்கிறது. காடழிப்பும் நிலத்தின் பயன் மாறுவதும் அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. வாட்சன் அன்று கற்ற பாடம் பழசாகிவிடவில்லை. நிலத்தை மாற்றுவோர் நீரின் போக்கையும் நோயின் போக்கையும் சேர்த்தே மாற்றுகின்றனர்.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டுத் தோட்டம், சுரங்கம் தாண்டிப் பிற துறைகளின் தொழிலாளர் விடுதிகளையும் உள்ளடக்கியது. மறு ஆண்டே வந்த கொரோனா, நெரிசலான விடுதிகளில் வாழ்ந்த நேப்பாள, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களின் நிலையை வெளிச்சமிட்டுக் காட்டியது. நம் தாத்தா பாட்டியர் நின்ற வரிசையில் இன்று அவர்கள் நிற்கின்றனர். அவர்களது குழாயையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்க நம்மைவிடத் தகுதியுடையவர் யார்?

ஆசிரிய நண்பர்களே, உள்ளூர் வரலாற்றைக் கற்பிக்கும்போது கோயிலையும் பள்ளியையும் கட்டிய கதையோடு கால்வாய் வெட்டிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்கால்வாய்கள் சில இன்னும் செம்பனைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கின்றன.