கட்டத்துணியின் பெயர்ப்பயணம்: மதராஸ், பலியகாத்தே, இஞ்சிரி

கோடைக்கால உடைக்கென உலகம் முழுவதும் அறியப்பட்ட பருத்தித்துணிகளுள் ஒன்று, பாவிலும் ஊடையிலும் பல நிற நூல்களை இட்டுக் கட்டம் கட்டமாக நெய்யப்படுவது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதன் பெயர் 'மதராஸ்'. மெக்சிகோவின் ஸ்பானிய மொழியில் அதன் உறவுத்துணி 'பலியகாத்தே' எனப்படுகிறது. நைஜீரியாவின் ஆற்றுக்கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் அதனை 'இஞ்சிரி' என்பர். இக்போ மக்களிடையே இந்தியத் துணிகள் சிலவற்றுக்கு 'ஜார்ஜ்' என்னும் பெயர் வழங்குகிறது. நான்கு பெயர்களும் இந்தியாவையோ அதன் கீழைக் கரையையோ சுட்டுகின்றன. அத்துணியை நெய்து அனுப்பிய தமிழ்நாட்டில் மட்டும் அதற்கெனத் தனிப்பெயர் நிலைபெறவில்லை. கைலித்துணி, கட்டம் போட்ட துணி என்னும் பொதுப்பெயர்களோடு வழக்கு நின்றுவிடுகிறது. ஒரு பொருள் புறப்பட்ட இடத்தில் பெயரின்றியும் சென்ற இடமெல்லாம் ஊர்ப்பெயரோடும் வாழ்வது சொல்லாய்வாளர் கருதிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

ஊரின் பெயரைத் துணிக்கு இடுவது தமிழுக்குப் புதிதன்று. கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி 'கலிங்கம்' எனப்பெயர் பெற்றுப் பின்னர் ஆடைக்கே பொதுப்பெயராயிற்று என்பர். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் துகில் வகைப் பட்டியலில் குச்சரி, தேவகிரி ஆகியவை இடம்பெறுகின்றன. அவை கூர்ச்சரத்தையும் தேவகிரியையும் சுட்டுவன. ஆகவே விதி ஒன்றே. வந்து சேரும் துணிக்கு வாங்குவோர் அது வந்த ஊரின் பெயரை இடுகின்றனர். நெய்வோருக்கு அத்தேவை எழுவதில்லை. நெய்வோரின் சொற்கள் வேறு திசையில் வளர்ந்தன. முத்துக்கட்டம், கொட்டடி, பாலும் பழமும், வைர ஊசி என்பன சேலை நெய்வோரும் விற்போரும் வழங்கும் பெயர்கள். இவை ஊரைச் சொல்லவில்லை. கட்டத்தின் அளவையும் கோட்டின் நுண்மையையும் நிறச் சேர்க்கையையும் சொல்கின்றன. ஆங்கிலத்தில் கோடைத்துணி ஒன்றுக்கு வழங்கும் 'சீர்சக்கர்' என்னும் பெயர் பாரசீகத்தின் 'ஷீர் ஓ ஷக்கர்', அதாவது பாலும் சர்க்கரையும், என்பதன் திரிபாகும். வழவழப்பும் சுருக்கமும் மாறி மாறி வரும் பட்டைகளைப் பாலும் சர்க்கரையுமாகக் கண்ட பாரசீக மரபும், கட்டங்களின் நிறங்களைப் பாலும் பழமுமாகக் கண்ட தமிழ் மரபும் ஒரே வகையான கற்பனையின் விளைவுகள் எனலாம்.

நெசவின் இலக்கணம்

அச்சிட்ட சீட்டித்துணிக்கும் கட்டத்துணிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. சீட்டியில் துணி நெய்தபின் நிறம் ஏறுகிறது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்னும் பாகுபாடு உண்டு. கட்டத்துணியில் நூல் முதலில் சாயம் பெறுகிறது; துணி இருபுறமும் ஒன்றாகவே இருக்கும். தலையில் முறுக்கிக் கட்டும் துணிக்கு இப்பண்பு இன்றியமையாதது. மடிப்பு எப்பக்கம் திரும்பினும் நிறம் கெடுவதில்லை.

நிறச் சேர்க்கை பற்றிய நுட்பமும் இங்கேயே அமைந்துள்ளது. சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூன்று நிற நூல்களைப் பாவிலும் அதே மூன்றனை ஊடையிலும் இட்டால், ஒரே நிறம் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் 3 தூய நிறங்களும், வேறு நிறங்கள் வெட்டும் இடங்களில் 3 கலப்பு நிறங்களுமாக 6 நிறங்கள் தோன்றும். கலப்பு நிறம் சாயத்தொட்டியில் பிறந்ததன்று. பார்ப்போர் கண்ணில் பிறப்பது. ஆதலின் இத்துணியின் எந்த இரு நிறங்களுக்கும் இடையில் அவற்றை இணைக்கும் மூன்றாம் நிறமொன்று துணியிலேயே இருக்கும். கட்டத்துணியோடு வெறுந்துணி எதனைச் சேர்த்து உடுத்தினும் பெரும்பாலும் பொருந்திவிடுவதன் காரணம் இதுவே. உடுத்துவோரின் தனிச்சுவை என்று பாராட்டப்படுவதில் ஒரு பகுதி தறியில் பாவு ஓட்டியவரின் கணக்காகும்.

அச்சுத்துணிகளின் வணிகம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தடைகளைச் சந்தித்தது. பிரான்சு 1686இல் அவற்றைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றியது. ஆயினும் இந்தியத் துணிகளை இறக்கி வேற்று நாடுகளுக்கு மறுஏற்றுமதி செய்ய இடமிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் துணிகள் சென்ற வழி இது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுக்கப்பட்ட பண்டங்களுள் இந்தியத் துணி முதன்மையானது என்பதும், அவ்வாறு வாங்கப்பட்டோரின் வழிவந்த பெண்கள் கரீபியத் தீவுகளில் அதே கரையின் துணியைத் தலையில் சூடினர் என்பதும் இத்துணியின் வரலாற்றில் தவிர்க்கவியலாத செய்திகள்.

கைக்குட்டை தலைக்கு ஏறியது

கட்டத்துணி ஐரோப்பிய வணிகப் பதிவுகளில் பெரும்பாலும் கைக்குட்டையாகவே குறிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒரு கெசச் சதுரங்களாக, பல சதுரங்கள் ஒரே நீட்சியில் நெய்யப்பட்டு, வெட்டியும் வெட்டாமலும் விற்கப்பட்டது. ஆனால் அதனைக் கையில் வைத்துக்கொண்டோர் சிலரே.

இதற்குரிய சொற்களின் வரலாறு சுவையானது. ஆங்கிலத்தின் 'கெர்ச்சீஃப்' என்னும் சொல், தலையை மூடுவது எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. தலைக்குரிய அச்சொல் 'ஹேண்ட்' என்னும் அடையைப் பெற்றுக் கைக்கு இறங்கியது. 'நெக்' என்னும் அடையோடு கழுத்திலும் தங்கியது. பாரசீகத்தின் 'ரூமால்' இதற்கு எதிர்த்திசையில் சென்றது. முகம் துடைப்பது என்னும் பொருளுடைய அச்சொல் தமிழில் 'உருமால்' ஆகி, தலைப்பாகையைக் குறிக்கலாயிற்று. மூக்குத் துடைப்பது என்னும் பொருளுடைய பிரெஞ்சின் 'முஷுவார்' கரீபியத் தீவுகளில் தலைக்கட்டாக உயர்ந்தது. தமிழ்நாட்டு உழவரும் மார்த்தினிக் தீவுப் பெண்ணும், ஒருவரையொருவர் அறியாமல், துடைக்கும் துணிக்குரிய சொல்லைத் தலைமேல் ஏற்றிவிட்டனர்.

அத்தீவுகளில் தலைக்கட்டு தன்விருப்பமாக மட்டும் தொடங்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு ஸ்பானிய ஆட்சியில் இருந்தபோது, 1786இல் ஆளுநர் எஸ்தேபான் மிரோ, ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் தலைமுடியைத் துணியால் மறைக்க வேண்டுமென ஆணையிட்டார். அவர்களது ஒப்பனை வெள்ளையரோடு போட்டியிடுவதாகக் கருதப்பட்டதே காரணம். ஆணை பணிந்து ஏற்கப்பட்டது, நோக்கம் தோற்றது. பல நிறக் கட்டத்துணிகளை உயர்த்திக் கட்டி, இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்டதை அப்பெண்கள் அணிகலனாக மாற்றினர். டொமினிக்காவில் வாழ்ந்து 1796இல் மறைந்த ஓவியர் அகஸ்தீனோ புரூனியாசின் ஓவியங்களில் இத்தகைய தலைக்கட்டுகளைக் காணலாம்.

இவ்வோவியங்கள் வரலாற்று நோக்கில் இன்னொன்றையும் உறுதிப்படுத்துகின்றன. மதராஸ் துணியை அத்தீவுகளுக்குக் கொண்டுசென்றவர்கள் தமிழ் ஒப்பந்தக் கூலிகள் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இந்தியத் தொழிலாளரின் முதற்கப்பல் மார்த்தினிக்கை அடைந்தது 1853இல். குவாதலூப்பை அடைந்தது 1854இல். துணியோ அதற்கு இரண்டு தலைமுறைகளுக்கு மேல் முந்தியது. தமிழர் அங்கே இறங்கியபோது தங்கள் ஊர்த்துணியை வேற்றார் தலையில் கண்டிருப்பர் என்பதே பொருந்தும். தமிழ்ப்பெருமை பேசும் நூல்களில் இம்முரண் விரைவில் மறக்கப்படுகிறது.

லாஃப்காடியோ ஹெர்ன் 1890இல் வெளியிட்ட மார்த்தினிக் பயண நூல், இத்துணியைப் பெண்கள் எவ்வாறு தமதாக்கினர் என்பதைக் காட்டுகிறது. கட்டங்களின் மஞ்சள் பகுதிகளை, பிசின் கலந்த மஞ்சள் வண்ணத்தால் கையால் மீண்டும் தீட்டி ஒளியேற்றுவது அங்கே தனித்தொழிலாக இருந்தது. இந்தியாவிலிருந்து முற்றுப்பெற்ற பொருளாகச் சென்ற துணி, அங்கே தொடக்கப்பொருளாயிற்று. பூப்போட்ட பாவாடை, வெண்ணிற உட்பாவாடை, தோளில் பட்டுக்குட்டை, தலையில் கட்டத்துணி என நான்கினைச் சேர்த்து உடுத்தும் மரபு அங்கே உருவானது. தலைக்கட்டின் கூர்முனைகளை எண்ணி, ஒன்றாயின் மனம் தனித்தது, இரண்டாயின் உறுதிசெய்யப்பட்டது, மூன்றாயின் மணமானவள் எனப் பொருள் கூறும் வழக்கும் உண்டு. இத்தகைய தெளிவான குறியீட்டுப் பட்டியல்கள் வாழ்க்கையைவிட விளக்கநூல்களிலேயே ஒழுங்காக இருக்கும் என்பதை மொழியியலார் அறிவர்.

கலபாரிப் பெண்களின் முறை இதற்கு நேர்மாறானது. அவர்கள் நிறம் சேர்ப்பதில்லை, நூலைக் களைகின்றனர். நெய்த துணியில் தேர்ந்தெடுத்த நூல்களை ஊசியால் தூக்கிக் கத்தியால் அறுத்து இழுத்துவிட, பழைய கட்டத்துக்குள் புதிய உருவம் தோன்றும். இதற்குப் 'பெலேத்தே பீத்தே', அதாவது நூலறுத்த துணி, என்று பெயர். இஞ்சிரி என்பதற்கு 'உண்மையான இந்தியா' எனக் கலபாரி மக்கள் பொருள் கூறுவதாக ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். பிறப்புச் சடங்கு முதல் இறப்புச் சடங்கு வரை அத்துணிக்கு இடமுண்டு. அது அயல்நாட்டுப் பொருள் என்று பெயரே அறிவித்த போதிலும், அறுத்த நூலின் வழியே அது கலபாரித் துணியாகிவிடுகிறது. இக்போ வழக்கின் 'ஜார்ஜ்' என்பதும் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது.

பலியகாத்தே என்னும் சொல்லில் ஒளிந்திருக்கும் ஊர் பழவேற்காடு. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் வணிகம் நடத்திய அத்துறைமுகத்தின் பெயர், அவர்கள் நாவில் திரிந்து கடல்களைக் கடந்தது. மெக்சிகோ விடுதலைப் போரின் தலைவர் ஹோசே மரீயா மொரேலோசு (இறப்பு 1815) தலையில் பலியகாத்தே கட்டிய தோற்றத்திலேயே அந்நாட்டில் நினைக்கப்படுகிறார். அதே ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் 'புல்லிகேட்' ஆகி, கிளாஸ்கோ வட்டார நெசவாளர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெய்த போலித்துணிக்கும் பெயராயிற்று. தமிழகக் கட்டத்துணி ஸ்காட்லாந்துப் படைவீரரின் உடையைப் பார்த்து நெய்யப்பட்டது என்னும் வழக்காற்றுக் கதையைச் சொல்வோர் இச்செய்தியை நோக்குதல் நன்று. பார்த்து நெய்தவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

சாயம் போதலும் விளம்பரமும்

சோழமண்டலத் துணிகளுக்கு 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிடைத்த மதிப்புக்கு முதற்காரணம் அவற்றின் கெட்டிச்சாயம். இம்பூறல் எனப்படும் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் துவைக்கத் துவைக்கக் கெடாதவை. ஐரோப்பியச் சாயக்காரர் அந்நுட்பத்தை அறிய நெடுங்காலம் முயன்றனர்.

1958இல் இவ்வரலாறு தலைகீழானது. கேரளத்தைச் சேர்ந்த துணி வணிகர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர், வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளருக்குக் கட்டத்துணியை விற்றார். குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை அத்துணி சென்ற புகழ்பெற்ற நிறுவனமான புரூக்ஸ் பிரதர்சின் வாடிக்கையாளரை எட்டவில்லை. சாயம் கலைந்தது, முறையீடுகள் குவிந்தன. நாயர் பின்னாளில் சொல்லிவந்தபடி, வழக்கில் முடியவேண்டிய அச்சிக்கல் விளம்பரத்தில் முடிந்தது. ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத்தோற்றம் தரும் அதிசயத் துணி என அது அறிவிக்கப்பட்டது. நிறம் கலைவதைக் குருதி வடிதலாகச் சொல்லும் ஆங்கில வழக்கு, 'பிளீடிங் மதராஸ்' என்னும் விற்பனைப் பெயராயிற்று. அமெரிக்கக் கல்லூரி இளைஞரின் 1960களின் கோடையுடையில் அத்துணி நிலைபெற்றது. பல கட்டத்துணிகளின் துண்டுகளை ஒட்டிட்டுத் தைத்த கால்சட்டையும் மேலங்கியும் அதன் தொடர்ச்சி. தமிழ்நாட்டில் ஒட்டுப்போட்ட உடை வறுமையின் அடையாளம் என்பதை இங்கு ஒப்பிடலாம்.

இவ்விளம்பரத்தைத் தமிழில் பெயர்க்க முயல்வோர் எதிர்கொள்ளும் இடர் சொல்லளவில் நிற்பதன்று. 'சாயம் வெளுத்துவிட்டது' என்பது தமிழில் ஒருவரது பொய் அம்பலமாவதைக் குறிக்கும் மரபுத்தொடர். துணிக்கடையில் 'சாயம் போகாது' என்பதே உறுதிமொழி. சாயம் போகும் என்று உறுதியளித்து விற்கும் தொடரைத் தமிழ்ச் செவி ஏற்பதில்லை. 'நிறம் கசியும் மதராஸ்' என்பது அகராதிக்கு உதவும், விளம்பரத்துக்கு உதவாது. 'துவைக்கத் துவைக்க நிறம் மாறும்' என்று குறையைச் சொல்லாமல் விளைவைச் சொல்வது ஓரளவு நெருங்கும்.

கரீபியப் பிரெஞ்சுப் புதினங்களில் வரும் 'மதராஸ்' இதனினும் கடினமானது. அப்படியே எழுதினால் தமிழ் வாசகர் நகரத்தை நினைப்பர். நகரின் பெயர் 1996இல் மாறியதை எண்ணி 'சென்னைத் துணி' எனப் பெயர்த்தால் காலவழு நேரும். துணியின் பெயர் எம்மொழியிலும் மாறவில்லை. 'கைலித்துணி' என்பது பொருளால் சரியானது. ஆனால் ஒரு பாட்டியின் விழாக்காலத் தலைக்கட்டை வீட்டில் ஆடவர் உடுத்தும் இடுப்புத்துணியாக்கிவிடும். 'மதராஸ் உருமால்' என்பது இவற்றுள் ஏற்புடையது. ஊர்ப்பெயரைப் பிரெஞ்சு வழக்கிலிருந்தும், தலைக்குரிய பொருளைத் தமிழ் வழக்கிலிருந்தும் அது பெறுகிறது. பலியகாத்தேக்கு இதே முறையில் 'பழவேற்காட்டு உருமால்' என்று எழுத இயலும். எனினும் மெக்சிகோ நாட்டுப் பாத்திரமொன்றின் கழுத்தில் அதனைக் கட்டும்போது, சொல்லின் வேர் தெரியாத அப்பாத்திரத்தின் வாயில் பழவேற்காட்டை வைப்பது பொருந்துமா என்பதை ஒவ்வோரிடத்திலும் மொழிபெயர்ப்பாளரே தீர்மானிக்க வேண்டியுள்ளது.